நான்கெல்லை

"துடிப்பான குழுவுக்குத் துடிப்பானவர் தேவை."
யாருக்குத் துடிக்கிறது, எங்கே துடிக்கிறது,
விவரம் இல்லை.

பதவி: பார்ட்டி சீஃப்.
கணவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
கட்சித் தலைவரா, கொடி யார் பிடிப்பது என்றான்.
அதுவும் நான்தான் போலிருக்கிறது,
"தேவைப்படும் பிற பணிகள்" என்று கடைசி வரியில் இருக்கிறது.

தொடக்கநிலை வேலை. ஏழாண்டு அனுபவம் கட்டாயம்.
போன வருஷம் வெளிவந்த மென்பொருளில்
ஐந்தாண்டு.
ஐம்பது பவுண்டு தூக்கத் தெரிய வேண்டும்,
எதை என்று சொல்லவில்லை.
சம்பளம் போட்டிக்குரியது.
யாரோடு போட்டி, என் மளிகைச் சீட்டோடா?
இடம், ரிஜைனா மற்றும் சுற்றுவட்டாரம்.
சஸ்காச்சுவானில் சுற்றுவட்டாரம் என்றால்
வடக்கே அறுநூறு கிலோமீட்டர் சாலை,
அதற்கப்பால் ஏரி மேல் பனி.
"நாங்கள் ஒரு குடும்பம்."
அந்தக் குடும்பத்திலிருந்து ஓடிப்போனது யார் என்று தெரிந்தால்
இடம் ஏன் காலி என்றும் தெரிந்துவிடும்.

மூன்றாம் பத்தியில் கம்பெனியின் பெயரே மாறுகிறது.
பக்கத்து மனையின் அளவைத்
தன் பத்திரத்தில் எழுதிக்கொண்டவர்கள்.

பதினொரு மாதம், எண்பத்துநான்கு விண்ணப்பம்.
இரவில் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிறேன்,
ஐம்பது பவுண்டுத் தகுதி மட்டும்
நாளுக்கு நாள் வளர்கிறது.
கனடிய அனுபவம் இல்லை என்று ஒரு பதில் வந்தது.
முக்கோணத்தின் மூன்று கோணமும் கூட்டினால்
இங்கேயும் நூற்றெண்பதுதானே என்று கேட்கப் பார்த்தேன்,
பதில் அனுப்ப முடியாத முகவரி.

எண்பத்தைந்தாவதை எழுதவில்லை.
விளம்பரத்தை அச்செடுத்துச் சிவப்புப் பேனா எடுத்தேன்.
தொடங்கும் புள்ளி இல்லை. திசை இல்லை. தூரம் இல்லை.
சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்தில் சேரவில்லை.
பிழை: ஓர் ஆள் அளவு.
கீழே கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழுக்கு அழைப்பு.
லைல் கோவல்சுக், கம்பெனிக்காரர்.
திட்டப்போகிறார் என்று
போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருந்தேன்.
அக்டோபரில் இரண்டு பேர் போய்விட்டார்கள்,
அறுபத்தொரு வயதில் ப்ரிஸம் கம்பை நானே பிடிக்கிறேன்,
எழுத்து எனக்கு வராது,
நீயானால் எப்படி எழுதுவாய் என்றார்.

எனக்குத் தெரிந்தது பத்திர நடை ஒன்றுதான்.
பாதி நான் கேட்டது, பாதி அவர் ஒப்புக்கொண்டது:

மைனஸ் முப்பத்தைந்துக்குத் தெற்கு,
ஜூன் மாதக் கொசுவுக்கு வடக்கு,
காலை ஐந்தரைக்குக் கிழக்கு,
வீட்டுச் சோற்றுக்கு வெகு தூரம் மேற்கு,
இந்த நான்கெல்லைக்குட்பட்ட வேலை ஒன்று.
மணிக்கு முப்பத்தொரு டாலர்.
உறைந்த மண்ணில் கடப்பாரை போட்டு
நூறு வருஷத்து இரும்பு முளையைத் தேட வேண்டும்,
கிடைக்காத நாளும் உண்டு.
கழிப்பறை இல்லை. பாப்ளார் மரங்கள் உண்டு,
இலை இல்லாமல்.
வண்டியில் ஹீட்டர் ஓட்டுநர் பக்கம் மட்டும் வேலை செய்யும்.
முன்பிருந்த இருவர் போன காரணம்,
சம்பளம் இரண்டு முறை தாமதம்.

அந்த வரியில் அவர் எழுதுவதை நிறுத்தினார்.
பிறகு எழுதினார்.

"இப்படிப் போட்டால் யார் வருவார்கள்?"

வண்டிக்குள்ளிருந்துதான் பேசுகிறார் போல,
ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.

நான் வருவேன் என்றேன்.
வண்டியை நான்தான் ஓட்டுவேன்.